காப்புக் கட்டியவர் குடித்திருக்க மாட்டார்

1

கப்பலேறி இந்த ஆடியோடு ஒரு வருஷம் ஆகிறது. ராயபுரத்தில் எனக்கு வேண்டியவர்கள் எல்லோரும் கடிதத்தின் கடைசி வரியில் ஒரே கேள்வியைத்தான் எழுதுகிறார்கள்: வேலை கிடைத்ததா? கிடைத்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை காலைத் தபாலில் செய்தி வந்தது. லண்டனின் வர்த்தகப் பகுதியில், கப்பல் வழக்குகளையே தொழிலாக நடத்தும் ஒரு சொலிசிட்டர் கம்பெனி என்னைப் பயிற்சிக் குமாஸ்தாவாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கடிதத்தை உப்பு ஜாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாயசம் வைக்கச் சொல்லி ஊருக்கு எழுத வேண்டியவன், உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பத்திரிகையை எங்கள் தெருப் படிப்பகத்தில் ஒருவர் வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். இது அவர்களுக்காக.

2

நம்மவர்களுக்குப் பாரிஸ்டர் என்றால் தெரியும். கறுப்பு அங்கி, பொய்முடி, கோர்ட்டில் வாய்ச்சவடால். சொலிசிட்டர் என்றால் யாருக்கும் தெரியாது. என் அம்மா இன்றைக்கும் எதிர்வீட்டில், "எம்புள்ள லண்டன்ல பாரிஸ்டருக்குப் பட்ச்சிகினு கீறான்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். சொலிசிட்டர் கோர்ட்டில் நின்று பேசுகிறவர் அல்ல. ஆபீசில் உட்கார்ந்து வழக்கைக் கட்டுகிறவர். எந்தச் சாட்சியைத் தேடுவது, அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்பதெல்லாம் அவர் கையில். சாமியாடுகிறவர் பாரிஸ்டர் என்றால் உடுக்கை அடிக்கிறவர் இவர்.

அந்தத் தொழிலுக்குள் நுழைய வேண்டுமானால் ஒரு சொலிசிட்டரின் கீழ் சில வருஷம் பயிற்சி பெறுவதாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். 'ஆர்ட்டிகிள்ஸ்' என்பார்கள். அது இல்லாமல் எத்தனை பரீட்சை தேறினாலும் பிரயோசனம் இல்லை.

நான் ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டியவரின் மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பி.ஏ. முடித்து, கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சரக்கு குறைகிறது, நனைந்திருக்கிறது, உடைந்திருக்கிறது என்று வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. பெரிய புகாராக இருந்தால் என் பதில் லண்டனுக்குப் போய், அங்கே யாரோ ஒரு சொலிசிட்டர் திருத்தித் திரும்பி வரும். நான் ஒரு பக்கம் மூச்சுப் பிடித்து எழுதியிருப்பேன். அவர் அதை அடித்துவிட்டு ஒரு வரி எழுதியிருப்பார். அந்த ஒரு வரியில் எதிராளி சுருண்டுவிடுவான். அந்த வரியை எழுதுகிறவனாக நானும் ஆக வேண்டும் என்ற ஆசைதான் என்னை இங்கே கொண்டுவந்தது. மனைவி கஸ்தூரியையும் ஆறு வயது மகள் தெய்வானையையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பகலில் ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலை. மாலையில் பொது நூலகத்தில் உட்கார்ந்து கம்பெனி விலாசங்களைப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் என் கையால் விண்ணப்பம் எழுதுவேன். சென்னையில் பழகிய பழக்கம், "தங்கள் கீழ்ப்படிந்த ஊழியன், மிகத் தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்" என்றுதான் முடிப்பேன். ஓரிடத்தில் நேரில் கூப்பிட்ட ஒருவர், "இவ்வளவு தாழ்மை எங்களுக்குத் தாங்காது, மிஸ்டர் ரத்தினம்" என்று சிரித்தார். அதன் பிறகு தாழ்மையைக் குறைத்துக்கொண்டேன். பதில்கள் மட்டும் மாறவில்லை. இடம் இல்லை. உங்கள் தகுதி உங்கள் நாட்டுக்கே அதிகம் பயன்படும். கட்சிக்காரர்கள் பழக்கமான முகங்களை விரும்புகிறார்கள். இந்த ஊரில் கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வராமல் சாத்துவார்கள்.

ஒரு கம்பெனி பிறப்புச் சான்றிதழ் கேட்டது. அனுப்பினேன். கார்ப்பரேஷன் கொடுத்த அந்தச் சான்றிதழில், 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருக்கிறது, பெயர் இல்லை. நம் ஊரில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள் என்பது இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது. "இந்த ஆண் குழந்தை நீங்கள்தான் என்பதற்கு ஆதாரம் என்ன?" என்று எழுதிக் கேட்டார்கள். அதற்கு ஊரிலிருந்து உறுதிமொழிப் பத்திரம் வரவழைத்து அனுப்புவதற்குள் அந்த இடம் வேறொருவனுக்குப் போய்விட்டது.

கையிருப்பும் பொறுமையும் கரைந்துகொண்டு வந்தன. கஸ்தூரி திருவொற்றியூர்க்காரி. தீப்பெட்டித் தொழிற்சாலைச் சங்கை வைத்து உலை ஏற்றிப் பழகியவள். "சங்கே ஊதாத ஊர்ல எப்ப சமைக்கிறது, எப்பத் தூங்கறதுன்னே தெர்ல. இன்னும் ஒரு ஆபீசுக்குப் பாருங்க, இல்லாங்காட்டி ஊருக்கே பூடலாம்" என்றாள். அந்த இன்னும் ஒரு ஆபீஸ்தான் இது.

3

அந்த ஆபீசிலிருந்து நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்த வாரம், பள்ளிக்கூடத்தில் ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்தில் தெய்வானைக்கு டெய்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் டெய்சி என்று கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். அம்மை போட்டு எழுந்திருந்தாள் என்பதற்காக, என் அம்மா அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு ஒரு மஞ்சள் கயிறு அனுப்பியிருந்தாள். அதைக் கஸ்தூரி அவள் கையில் கட்டியிருந்தாள். பள்ளி நர்ஸ் அதை அழுக்கு நூல் என்று கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

கஸ்தூரி அழுதாள். நான் கோபமாகக் கிளம்பிப் போனேன். போய் அந்த நர்ஸ் முன்னால் நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. வேண்டுதல், காப்பு, அம்மன் இவற்றையெல்லாம் எந்த வார்த்தையில் சொல்வது? "அது ஒரு மருந்து" என்று உளறினேன். "மருந்து என்றால் டாக்டர் சீட்டு எங்கே?" என்றாள் அவள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வரும் வழியில் தெய்வானை என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷில், "பரவாயில்லை அப்பா, அது அழுக்காகத்தான் இருந்தது" என்றாள். என்னைச் சமாதானம் செய்யத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. இன்னொரு தடவை யாராவது கேட்கட்டும், ஒழுங்காக எடுத்துச் சொல்கிறேன் என்று கறுவிக்கொண்டேன். அந்த இன்னொரு தடவை ஐந்தாறு நாளில் வந்தது.

4

இனிமேல் சொல்லப்போவது புரிய வேண்டுமானால் எங்கள் தெருவின் ஆடி மாதத்தைச் சொல்லியாக வேண்டும். தீமிதிக்குக் கொடியேறியதும் மிதிக்கப் போகிறவர்களுக்கு வலது கையில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் தோய்த்த நூல், நடுவே ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. கட்டிய நாள் முதல் மிதிக்கிற நாள் வரை கவிச்சி கிடையாது, கள்ளோ சாராயமோ கிடையாது, பாயில் படுக்கை கிடையாது. ஒருபொழுதுதான் சாப்பாடு. பொழுது சாய்ந்த பிறகு கோயிலில் ஊற்றும் கூழ்தான் அது. வெளியூரில் இராத் தங்கவும் கூடாது. ஹார்பரில் நின்ற கப்பலில் இராத்திரி ஷிப்ட் பார்த்தால் அது வெளியூரா உள்ளூரா என்று ஒரு வருஷம் எங்கள் தெருவில் வழக்கே நடந்தது. "கப்பலு மெதந்தாலும் கயிறு நம்ம கரையிலதானே கட்டிக்கீது, உள்ளூருதான்" என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். நான் கேட்ட முதல் சட்டத் தீர்ப்பு அதுதான்.

அப்பா வருஷா வருஷம் மிதிப்பார். காப்புக் கட்டிய நாட்களில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஹார்பருக்குப் போவார். வின்ச் ஓட்டுவார், ஏணியில் ஏறுவார், இறங்குவார். காப்புக் கட்டியவர்கள் அத்தனை பேரும் அப்படித்தான். மயங்கி விழுந்தவர் என்று ஒருவரைப் பற்றிக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் விரதத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எங்கள் தெருவுக்கு ஒரு குணம் உண்டு. சாயங்காலம் குடித்த கூழைச் சொல்லமாட்டார்கள். "பச்சத்தண்ணி பல்லுல படல" என்பார்கள். வீட்டு ஆண்பிள்ளையின் விரதம் எவ்வளவு கடுமையோ, வீட்டுப் பெண்களுக்கு அவ்வளவு பெருமை. சொல்கிறவளுக்கும் கேட்கிறவளுக்கும் கூழ் விஷயம் தெரியும். அது பொய் என்று யாரும் நினைப்பதில்லை, மரியாதை என்று நினைப்பார்கள்.

5

கம்பெனியின் மூத்த பங்குதாரர்தான் என்னைப் பேட்டி கண்டார். எங்கள் ஊரில் பங்காளி என்றாலே வெட்டுக்குத்துதான் ஞாபகம் வரும். இவர் அப்படி இல்லை. மெல்லிய குரல். எனக்குத் தன் கையாலேயே டீ ஊற்றிக் கொடுத்தார். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் ஆறு தெரியவில்லை, படகுகளின் ஊதல் மட்டும் கேட்டது. என் ஊர் எது, அப்பா என்ன செய்தார் என்று கேட்டார். மற்ற இடங்களில் மறைத்த சங்கதியை இங்கே சொன்னேன். வின்ச் ஓட்டினார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் உங்களிடம் ஒரு சிறு பரீட்சை" என்று ஒரு கட்டுக் காகிதத்தைத் தள்ளினார்.

சென்னைத் துறைமுகத்தில் நடந்த சாவு. பெயரை மாற்றிச் சொல்கிறேன், முனுசாமி என்று வைத்துக்கொள்ளுங்கள், தெருவுக்கு நாலு முனுசாமி உண்டு. ராயபுரத்துக்காரர். போன ஆடியில், நான் கப்பலேறிய அதே வாரத்தில், ஒரு கப்பலின் அடித்தட்டுக்கு இரும்பு ஏணியில் இறங்கும்போது விழுந்து இறந்திருக்கிறார். மூலக்கொத்தளத்தில் அடக்கம். ஏணியில் ஒரு படி பெயர்ந்திருந்தது, அதனால்தான் விழுந்தார், கப்பல்காரர்கள் நஷ்டஈடு தர வேண்டும் என்று அவர் மனைவி வழக்குப் போட்டிருக்கிறாள். கப்பலுக்காக வாதாடுவது இந்தக் கம்பெனி. படி பெயர்ந்ததால் விழவில்லை, அவர் குடித்திருந்தார், தள்ளாடினார், வாடை அடித்தது என்பது கப்பலின் பதில். ஓர் அதிகாரி அப்படி வாக்குமூலம் கொடுத்திருந்தார். மதுவிலக்கு வந்துவிட்ட ஊரில் இது செத்தவர் தலையில் குற்றத்தையும் சேர்த்துக் கட்டுகிற பேச்சு.

"இதைச் சென்னை நீதிபதி நம்புவாரா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் புரட்டினேன். இறந்தவர் உடலில் இருந்த பொருட்களைச் சொல்லும் இடத்தில், வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், அதில் ஒரு கிழங்குத் துண்டு என்று இருந்தது. என் மகள் கையிலிருந்து வெட்டிப் போட்டார்களே, அதே நூல்.

"நம்பமாட்டார்" என்றேன். "காப்புக் கட்டியவர் குடித்திருக்க மாட்டார்."

"காப்பு என்றால்?"

நர்சிடம் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அவரிடம் சொன்னேன். இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. அம்மன், கொடியேற்றம், தீமிதி எல்லாம் வரிசையாக, நல்ல இங்கிலீஷில் வந்தது. அந்த முனுசாமியின் பெயரைச் சேற்றிலிருந்து தூக்கி நிறுத்துகிறேன் என்ற வேகம் எனக்கு. "சாராயத்தை விடுங்கள் ஐயா, அந்த மனிதர் காலையிலிருந்து ஒரு பருக்கைகூடச் சாப்பிட்டிருக்க மாட்டார்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார்.

"தண்ணீர்?"

"பக்தியுள்ளவர்கள் அதையும் தொடமாட்டார்கள் என்று சொல்வார்கள்."

"எத்தனை நாள் இப்படி?"

"கொடியேறியது முதல் மிதிக்கிற வரை."

"இது அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானா? அவர் வீட்டார் சொல்வார்களா?"

"பெருமையாகச் சொல்வார்கள்" என்றேன்.

அவர் எழுதி முடித்து, மை உறிஞ்சும் காகிதத்தை மேலே ஒற்றினார். பிறகு எழுந்து என் கோட்டைத் தானே எடுத்து மாட்டிவிட்டார். "மிகவும் பயனுள்ள மாலை, மிஸ்டர் ரத்தினம்" என்றார். வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம், வேலை போனாலும் போகட்டும், இன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தேன் என்று சொன்னேன். அவளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

6

சித்திரை போனது, வைகாசி போனது. பதில் இல்லை. எதிர்க்கட்சிக்குப் பேசியவனுக்கு வேலை எப்படிக் கொடுப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதனால் போன வெள்ளிக்கிழமைக் கடிதத்தைப் பிரித்தபோது, சந்தோஷத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். வேலை உண்டு என்பதோடு இரண்டு வரி கூடுதலாக இருந்தது. என் விளக்கம் ஒரு சிக்கலான வழக்கில் அவர்கள் கட்சிக்காரருக்குப் பெரிய உதவியாக இருந்ததாம். கீழைத் துறைமுகங்களிலிருந்து வரும் விவகாரங்களில் இதே உதவியைத் தொடர்ந்து எதிர்பார்க்கிறார்களாம்.

அவர் குடிக்கவில்லை என்று நான் சொன்னது கப்பல்காரருக்கு எப்படி உதவியாகும்? நான் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கஸ்தூரி கேசரி கிண்டினாள். எனக்கு இறங்கவில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை அந்தோணி வந்தான். காசிமேட்டில் என்னோடு திரிந்தவன், இப்போது கப்பலில் சமையல்கட்டு வேலை. கிழக்கு லண்டன் துறைமுகத்தில் இறங்கி, விலாசத்தைக் கேட்டுக் கேட்டு வந்து சேர்ந்திருந்தான். கையில் ஒரு பொட்டலம் கருவாடு. என் அம்மா கொடுத்தனுப்பிய புது மஞ்சள் கயிறு, சட்டைப்பையில் பத்திரமாக மடித்து வைத்திருந்தான்.

"இன்னா ரத்னம், ஒரு வருசத்துல இப்டி வெளுத்துப் பூட்டே" என்றான். சோற்றைப் பார்த்ததும் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். பாதிச் சாப்பாட்டில், "உனுக்கு ஒரு நல்ல சேதி கீது" என்றான். "நம்ம முனுசாமி கேசு, கப்பல்ல வுயுந்து செத்தாரே, அது ஜெயிக்கிற மாதிரி கீது."

"உனக்கு யார் சொன்னது?"

"தெருவே சொல்லுது. பீச்சாண்டயிருந்து ஒரு வக்கீல் ஆபீஸ் ஆளு வந்தான். நம்மாளுதான், தமிழு நல்லாப் பேசறான். செருப்ப வெளிய வுட்டுட்டு வந்து தரையில குந்திகினான். அம்மன் படத்தாண்ட கற்பூரம்கூட ஏத்துனான். லண்டன்ல தொரைங்கோ உங்க வூட்டுக்காரரு விரதத்தப் பத்தித்தாம்மா பேசிகினு கீறாங்கோ, அவரு குடிக்கவேல்லன்னு ஒத்துகினாங்கோன்னான். அந்தம்மாவுக்கு அழுக நிக்கல. ஒரு வருசமா புருசன குடிகாரன்னு சொல்லிகினு இருந்தாங்களே."

"அப்புறம்?"

"விரதம் எப்டி இருந்தாரு, எழுதிக் குட்த்தீங்கன்னா தொரைங்களுக்கு அனுப்பறேன்னான். அது வுடுமா? ரெண்டு நாளா பச்சத்தண்ணி பல்லுல படல, கண்ணு இருட்டிகினு வந்தாக்கூட அம்மா தாயேன்னுட்டு வேலைக்குப் போனாருன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணிக் கைநாட்டு வெச்சிட்சி. அந்தாளு பொறுமையா கேட்டு எழுதிகினான். எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டுப் போனான்."

அப்போது எனக்குப் புரிந்தது. வந்தவன் கப்பல்காரர்களின் வக்கீல் அனுப்பிய ஆள். படி பெயர்ந்ததால் விழவில்லை, பட்டினியால் கண் இருட்டி விழுந்தார், தானாகத் தேடிக்கொண்ட சாவு என்று கப்பல் இனிமேல் சொல்லும். குடிகாரன் என்ற பொய்யை அவர்கள் ஒரு கடல் அதிகாரியின் வாயால் சொன்னார்கள், அது நிற்கவில்லை. இதை அவர் மனைவி வாயாலேயே வாங்கிவிட்டார்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் கெட்டது என் வாயால்.

"அந்தோணி, முனுசாமி முந்தின நாள் சாயங்காலம் கூழ் குடித்தாரா, இல்லையா?"

"குட்ச்சாரு. நான் அப்ப ஊர்லதானே இருந்தேன். கோயிலாண்ட ரெண்டு சொம்பு குட்ச்சிட்டு, எங்கிட்ட பீடிக்கு நெருப்பு கேட்டாரு. நல்லா கல்லு மாதிரி இருந்தாரு. அத்தப் போய் யாராவது சொல்லுவாங்களா, விரதத்துக்குக் கொறச்சலாச்சே."

"நீ ஊருக்குப் போனதும் அவள் வக்கீலிடம் போய் அதைச் சொல்லு. நீ பார்த்ததைச் சொன்னால் போதும்."

அவன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "அம்மன் மேல பண்ண சத்தியத்த நான் போய் பொய்யின்னு சொல்லவா? அதுவும் மாதா கோயிலுக்குப் போற நானு? அந்தம்மா சத்தியத்த மாத்துமா? மாத்திட்டு அந்தத் தெருவுல இருக்குமா? பேஜாரு புடிச்ச வேல நைனா, வுடு. கேசு ஜெயிக்கப் போவுது, நீ இன்னா இப்டி மூஞ்சிய தூக்கி வெச்சினு கீறே?"

நான் அவனுக்கு விளக்கிச் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. கை கழுவிவிட்டு, தெய்வானையின் தலையை ஒருதரம் தடவிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினான். வாசலில் நின்று, "அந்தம்மா அந்தாளுக்கு மோரு குட்த்து அனுப்சிட்சி, ரத்னம்" என்றான்.

8

வேலையை உதறிவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் அப்படி எழுத ஆசைதான். ஆனால் ஒரு வருஷமாகத் தட்டிய கதவுகளில் திறந்தது இது ஒன்றுதான். நான் போகாவிட்டாலும் அந்தக் காகிதத்திலிருந்து அவள் கைநாட்டு அழியப்போவதில்லை. அவள் வக்கீலுக்கு நானே எழுதலாம் என்று யோசித்தேன். என்னவென்று எழுதுவது? உங்கள் கட்சிக்காரி சாமி மேல் பொய்ச்சத்தியம் செய்திருக்கிறாள் என்றா? அதைக் காட்டினால் ஏணிப்படியைப் பற்றி அவள் சொன்னதையும் எந்த நீதிபதி நம்புவார்? எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் தலையில்தான் விடிகிறது. இரண்டு இரவாக எனக்குத் தூக்கம் இல்லை. பயமாக இருக்கிறது. அந்த ஆபீசைக் கண்டல்ல, அங்கே நான் எவ்வளவு நன்றாக வேலை செய்வேன் என்பதை நினைத்துத்தான்.

திங்கட்கிழமை போகப்போகிறேன்.

நேற்று சாயங்காலம் கஸ்தூரி அந்தப் புதுக் கயிற்றைத் தெய்வானையின் கையில் கட்டினாள். இந்தத் தடவை சட்டைக் கையை இழுத்து அதை மூடிவிட்டாள். முடிச்சுப் போடும்போது அவள் முகத்தைப் பார்க்காமலே, "யாரு கேட்டாலும் நல்லா சாப்ட்டேன்னு சொல்லு, கண்ணு. இன்னா?" என்றாள்.

"ஏம்மா?" என்றது குழந்தை.

"சொல்லு."

"நல்லா சாப்ட்டேன்" என்றாள் தெய்வானை, தமிழிலேயே. அவள் தமிழில் பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகிறது. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

படிப்பகத்தில் இதை வாசிக்கிறவர் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் கொஞ்சம் உரக்க வாசிக்க வேண்டும். ஹார்பருக்குப் போன உங்கள் வீட்டு ஆள் திரும்பி வராமல் போனால், சில மாதம் கழித்து ஒருவன் வருவான். செருப்பை வெளியே விடுவான். உங்கள் சாமியைக் கும்பிடுவான். செத்தவரைப் பற்றி உயர்வாகப் பேசுவான். பிறகு, அன்றைக்கு என்ன சாப்பிட்டார், எப்போது தூங்கினார், எந்த வேண்டுதலில் இருந்தார் என்று பரிவாகக் கேட்பான். முந்தின நாள் சாயங்காலம் அவர் குடித்த கூழைச் சொல்லுங்கள். இரண்டு சொம்பு என்றால் இரண்டு சொம்பு என்றே சொல்லுங்கள், அதனால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். எந்தத் தெரு, எந்தக் கோயில் என்றெல்லாம் தெரிந்தவன்போல அவன் கேட்பான். கேள்விகளை எழுதி அனுப்பியவனுக்குத் தெரியும், அதனால்தான். அவனே ஒருநாள் நேரில் வந்து, நான் வின்ச்சுக்காரர் மகன் ரத்தினம், இந்தத் தெருப் பிள்ளை என்று சொன்னாலும் சொல்லாதீர்கள்.